நம் பேச்சு யாருக்கு? நீர், சூழல் விழிப்புணர்வில் கேட்போரை அறிந்துகொள்வது

சில ஆண்டுகளுக்கு முன்பு, வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு, "தண்ணீரைக் காப்போம்" என்ற தலைப்பில் நாங்கள் ஒரு கூட்டம் நடத்தினோம். துண்டறிக்கைகள் அச்சாகி வந்திருந்தன. திரை கட்டிப் படம் காட்டவும், வருபவர்களுக்கு மோர் கொடுக்கவும் ஏற்பாடு செய்திருந்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற ஆண்கள். அவர்களோடு பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகள் சிலரும் இருந்தார்கள். ஒரு வீட்டில் எத்தனை குடம் பிடிப்பது, எதைக் குடிக்க எடுத்துவைப்பது, எதில் துணி துவைப்பது, அரிசி கழுவிய நீரை எங்கே ஊற்றுவது என்று அன்றாடம் முடிவு செய்கிற பெண்களில் ஒரு பகுதியினர் வேலைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் இரண்டு தெரு தள்ளி, அன்று வருவதாகச் சொல்லப்பட்டிருந்த தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அன்று நாங்கள் சொன்ன செய்தியில் பிழை எதுவும் இல்லை. அது யாருக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி, அவர்கள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், அதைக் கேட்டபின் அவர்களால் எதைச் செய்ய முடியும் என்ற மூன்றையும் முன்கூட்டியே யோசிக்கவில்லை என்பதுதான் பிழை. நீர், சூழல் கல்விப் பணியில் புதிதாக இறங்கும் ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், குடியிருப்போர் நலச்சங்கத்தினர் எல்லோருக்கும் முதலில் தெளிவாக வேண்டிய கருத்து இதுவே என்பதால், வடசென்னையில் நான் பார்த்துப் பழகிய இடங்களை வைத்தே அதை விளக்க முயல்கிறேன்.

பயிற்சி வகுப்புகளில் இதை "இலக்குக் குழு" என்பார்கள். ஒரு குறிப்பிட்ட செயலைச் செய்கிற, அல்லது அதைச் செய்ய முடிவெடுக்கிற, ஏறக்குறைய ஒரே சூழ்நிலையில் வாழ்கிற மக்களே ஓர் இலக்குக் குழு. "பொதுமக்கள்" என்பது இலக்குக் குழு ஆகாது. அந்தச் சொல்லுக்குள் ராயபுரத்தில் மூன்று மாடி வீடு வைத்து வாடகைக்கு விட்டிருப்பவரும் இருக்கிறார், அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் குடியிருப்பவரும் இருக்கிறார். காசிமேட்டில் வலை பின்னுபவர், மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒடியா இளைஞர், பெரம்பூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் ஆகியோரும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே துண்டறிக்கையை எழுதினால், அதில் "நீரின்றி அமையாது உலகு" என்ற குறளைத் தவிர வேறு எதையும் எழுத முடியாமல் போய்விடும். குறள் உண்மைதான். ஆனால் அதைப் படித்தவர் நாளைக் காலையில் எழுந்து எதை வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

1977 அக்டோபரில் யுனெஸ்கோ, ஐக்கிய நாடுகள் சூழல் திட்டத்தோடு சேர்ந்து திபிலிசி நகரில் நடத்திய மாநாடு, சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது. விழிப்பு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு என்பவை அவை. நம் ஊரில் நடக்கும் பெரும்பாலான நிகழ்ச்சிகள் முதல் இரண்டோடு நின்றுவிடுகின்றன. தெரிந்துகொண்டால் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். தெரிந்தும் செய்ய முடியாமல் இருப்பவர்களே பெரும்பான்மை என்பது தெருவில் இறங்கி நடந்தால் ஒரே வாரத்தில் புரிந்துவிடும். ஆகவே ஒரு குழுவுக்கு இந்த ஐந்தில் எது குறைகிறது என்று பார்ப்பதே அக்குழுவை அறிந்துகொள்வதன் பெரும்பகுதி. கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் டக் மெக்கென்சி-மோர் வகுத்த முறையும் இதையொட்டியதே. மாற வேண்டிய ஒரு செயலை முதலில் தேர்ந்துகொண்டு, அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது, செய்தால் அவர்களுக்குக் கிடைப்பது எது என்று கண்டறிந்து, சிறிய அளவில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய அளவில் இறங்க வேண்டும் என்கிறது அது.

செயல் யார் கையில் இருக்கிறது

மழைநீர் சேகரிப்பை எடுத்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று கொண்டால், 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஏறத்தாழ 1,30,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆவியாவதும் சிதறுவதும் முதல் மழையில் கழுவிவிடுவதும் போக 1 லட்சம் லிட்டரையாவது நிலத்துக்குள் இறக்கலாம். கடலோரம் இருக்கும் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. நிலத்தடியில் நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிடும். வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் 1960-களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உட்புகுந்து, கிணறுகள் உப்பாகிப் போன கதையை அந்தப் பக்கத்து விவசாயிகள் நன்கு அறிவார்கள்.

இவ்வளவையும் பழைய வண்ணாரப்பேட்டையில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பத்திடம் அழகாக விளக்கிச் சொல்லலாம். கேட்டுவிட்டு அவர்கள் தலையசைப்பார்கள். அதற்கு மேல் அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை, ஏனென்றால் மாடிக் குழாயைத் திருப்பிவிடுவதும் வடிகட்டித் தொட்டியில் மணலையும் ஜல்லியையும் மாற்றுவதும் வீட்டு உரிமையாளரின் பணம், உரிமையாளரின் முடிவு. அந்த உரிமையாளரும் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. அந்தத் தெருவுக்கு வழக்கமாக வரும் பிளம்பர் "இது அடைச்சிக்கும் சார், தேவையில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும். 2003-க்குப் பிறகு கட்டப்பட்ட பல குழிகள் இன்று தூர்ந்து கிடப்பதற்கு, அவற்றை ஆண்டுக்கொரு முறை தூர்வார வேண்டும் என்பதை எவரும் தம் வேலையாக எடுத்துக்கொள்ளாததே பெருங்காரணம். ஆகவே வடசென்னையில் மழைநீர் சேகரிப்புக்கு முதல் இலக்குக் குழு யார் என்று என்னைக் கேட்டால், பிளம்பர்களும் கொத்தனார்களும் என்பேன். அவர்களுக்குத் தேவைப்படுவது விழிப்புணர்வு அல்ல, திறன். கடலோர மணலுக்கு எவ்வளவு ஆழத்தில் குழி, களிமண் இருக்கும் இடத்துக்கு எப்படிப்பட்டது, எத்தனை அடுக்கு ஜல்லி என்பதைக் கையால் செய்து பழகும் அரைநாள் பயிற்சி அவர்களுக்கு வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் இரண்டாவது குழு. ஆகஸ்டு, செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அவர்களிடம் பேச வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களிடம் இதைப் பற்றிப் பேசவே தேவையில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பேசும் நேரத்தை அவர்கள் கையில் இருக்கும் வேறு ஒன்றுக்குச் செலவிடுவது நியாயம்.

அப்படி அவர்கள் கையில் இருப்பது தண்ணீர் சேமித்து வைக்கும் ட்ரம். வியாசர்பாடியில் ஒரு சந்தில், நீல நிற பிளாஸ்டிக் ட்ரம்மை வாசலில் வைத்து, பழைய புடவைத் துணியால் வாயைக் கட்டி, மேலே ஒரு பலகை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் நாங்கள் பேசப் போனோம். டெங்கு பரவிய மழைக்காலம் அது. எங்கள் துண்டறிக்கையில் "நீர்க் கலன்களை வாரம் ஒருமுறை காலி செய்து உலர வைக்கவும்" என்று இருந்தது. அதை நிதானமாகப் படித்துவிட்டு அவர் கேட்டார்: "கலன்னா இந்த ட்ரம்மா? இத காலி பண்ணிட்டா, நாளைக்கு லாரி வரலன்னா புள்ளைங்களுக்கு நான் இன்னா குடுக்கறது?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை. லாரி எந்த நாளில் வரும் என்பது உறுதியில்லாத தெருவில் ட்ரம்மைக் காலி செய்யச் சொல்வது, கையிலிருக்கும் சம்பளத்தை மாதக் கடைசியில் வீசிவிடச் சொல்வதைப் போன்றது. அவர் அறியாமையால் அதைச் செய்யாமல் இருக்கவில்லை, தம் குடும்பத்தின் மேல் இருக்கும் அக்கறையால் செய்யாமல் இருந்தார்.

திரும்பி வந்து மறுபடி யோசித்தபோதுதான், நாங்கள் சொன்ன அறிவுரை அறிவியலின்படியும் அரைகுறையானது என்று தெரிந்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலத்தின் உள்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிந்து, ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகிவிடும். ஆகவே ட்ரம்மைக் காலி செய்தால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதற்கு ட்ரம் முழுவதும் காலியாக வேண்டும் என்பதும் இல்லை. நீர் மிகக் குறைந்திருக்கும் நேரத்தில், அதாவது லாரி தெருமுனையில் திரும்பிவிட்டது உறுதியான பிறகு, அடியில் இருப்பதை இரண்டு குடங்களில் மாற்றிவிட்டுத் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ சுவரைச் சுற்றிலும் தேய்த்து, அரைக் குடம் நீரால் அலசினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். துண்டறிக்கையை மாற்றினோம். "லாரி வரும் நாளில், பிடிப்பதற்கு முன்னால், ட்ரம்மின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், வாயைத் துணியால் இடைவெளி இல்லாமல் கட்டுங்கள்" என்று இரண்டே வரிகள் இருந்தன அதில். "கலன்" என்ற சொல் போய் "ட்ரம்" வந்தது. இதில் எங்கள் திறமை என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த அம்மா கேட்ட கேள்வியே அதை எழுதியது.

அவர்கள் ஏற்கெனவே அறிந்திருப்பது

கேட்பவரின் மனம் வெற்றுத்தாள் என்று நினைத்துக்கொண்டு பேசத் தொடங்குவது நம்மிடம் பரவலாக இருக்கும் இன்னொரு குறை. தண்ணீரைப் பற்றி வடசென்னை மக்களிடம் ஏற்கெனவே உறுதியான கருத்துகள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை பட்டறிவால் வந்தவை. தமிழில் "நல்ல தண்ணீர்" என்று சொல்லும்போது, உப்பில்லாத தண்ணீர் என்பதே அதன் பொருள். உப்புத் தண்ணீருக்கு எதிர்ச்சொல் அது. "எங்க தெரு அடிபம்புல நல்ல தண்ணி வரும்" என்று ஒருவர் சொன்னால், அதில் உப்பு இல்லை, அரிசி வேகும், பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும் என்று பொருள். கிருமியைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

கடலோரத்தில் பல தலைமுறைகளாக நாக்கால் சோதித்து நீரைப் பிரித்தறிந்த மக்களுக்கு இது நியாயமான அளவுகோல். ஏழுகிணறு என்ற பகுதியின் பெயரே, உப்புச் சூழ்ந்த இந்த நிலத்தில் நல்ல நீர் கிடைத்த இடத்தின் நினைவைத் தாங்கியிருக்கிறது. 1772-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அங்கிருந்துதான் நீர் கொண்டுபோகப்பட்டது. ஆனால் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் நெருக்கமான தெருக்களில், நீர் வராத நேரத்தில் அழுத்தம் இறங்கிவிட்ட குடிநீர்க் குழாய், விரிசல் வழியாகச் சுற்றியிருக்கும் கழிவை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நீரில் உப்பு இருக்காது, சில நேரம் நிறமும் மணமும்கூட மாறியிருக்காது. நாக்கின் அளவுகோலில் அது "நல்ல தண்ணீர்"தான். அதைக் குடித்து வயிற்றுப்போக்கு வந்தால், வெயிலுக்கு வந்தது என்றோ சாப்பிட்டது சேரவில்லை என்றோ எடுத்துக்கொள்வார்கள். எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே இருக்கும்.

இத்தகைய குழுவிடம் போய் "பாதுகாப்பான குடிநீரின் அவசியம்" என்று உரையாற்றினால், நாங்கள் நல்ல தண்ணீர்தான் குடிக்கிறோம் என்று அவர்கள் மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்துபோவார்கள். அவர்களுடைய சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். "உப்பு இல்லாத தண்ணீர் ஒன்று, கிருமி இல்லாத தண்ணீர் வேறொன்று, நாக்கு முதலாவதைத்தான் கண்டுபிடிக்கும்" என்று சொல்லி, உடனே கண்ணால் காட்ட வேண்டும். கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின் நீரில் எஞ்சியிருக்கிறதா என்று, அதாவது மீதக் குளோரினை, சோதிக்கும் குளோரோஸ்கோப் சிறிய கருவிதான். தெருக்குழாய் நீரில் சில துளி மருந்தை விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். இந்தியத் தரநிர்ணயத்தின்படி குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். தெருவின் ஒரு முனையில் மஞ்சள் வந்து மறுமுனையில் வராமல் போனதை ஒருமுறை பார்த்தவர்கள், அதன் பிறகு நாங்கள் சொல்லாமலேயே, இடையில் எந்த வீட்டு முன்னால் சாக்கடை தோண்டினார்கள் என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் அந்தப் பேச்சு எழுந்திருக்காது.

சேமிக்கச் சொல்ல வேண்டியது யாரிடம்

இந்தப் பணியில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தண்ணீர்ச் சிக்கனம் பற்றிய கூட்டங்கள், மிகக் குறைவாகத் தண்ணீர் செலவழிக்கும் மக்களிடமே மிகுதியாக நடத்தப்படுகின்றன. குடிசைப் பகுதிகளிலும் அரசு கட்டிக்கொடுத்த வாரியக் குடியிருப்புகளிலும் கூட்டம் சேர்ப்பது எளிது, புகைப்படம் எடுப்பதும் எளிது. குடத்தை இடுப்பில் சுமந்து மூன்று மாடி ஏறும் ஒரு பெண்ணுக்கு ஒரு சொட்டு நீரின் எடை தெரியும்; அவரிடம் போய்ப் பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்று சொல்வது அவரை அவமதிப்பதாகும். அவர் வீட்டில் திறந்துவிட்டு மறக்க ஒரு குழாய் இல்லை. 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும், இந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் புதிதாகச் சிக்கனம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

சிக்கனச் செய்திக்கு உரியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மாடித் தொட்டி நிரம்பி வழிவதைக் கவனிக்காத அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம், ஒரு லிட்டர் குடிநீருக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும் ஆர்.ஓ. கருவியின் நீரை நேராகச் சாக்கடையில் விடும் வீடுகள், ஹோஸ் குழாயால் வாகனம் கழுவும் பணிமனைகள் ஆகியோர் அவர்கள். குழாய்க் கசிவை நாட்கணக்கில் சரிசெய்யாமல் விடும் நிர்வாகமும் இவ்வகையில் ஓர் இலக்குக் குழுதான். அதிகாரிகளுக்குக் கல்வி வேண்டாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எந்தத் தெருவில் எத்தனை நாளாகக் கசிகிறது என்று தேதியோடு குறித்த ஒரு தாள் அவர்களுக்கு நாம் தரக்கூடிய கல்வி.

எண்ணூர்க் கழிமுகத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, மீனும் இறாலும் அருகிப்போனதை அங்குள்ள மீனவக் குப்பங்களும், சேற்றில் அமர்ந்து கையால் இறால் பிடிக்கும் இருளர்களும் எந்த ஆய்வறிக்கைக்கும் முன்னால் அறிந்தவர்கள். 2017 ஜனவரி 28 அன்று இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் பரவி வலையையும் படகையும் கறுப்பாக்கியபோதும், அதை முதலில் தொட்டது அவர்கள் கைதான். அவர்களிடம் போய் ஆற்றில் குப்பை போடாதீர்கள் என்று பேசுவதை ஒரு சூழல் கல்வியாளர் தாமாகவே தவிர்த்துவிட வேண்டும். அந்தக் கேடு அவர்கள் கையில் உண்டானதில்லை, அதை நிறுத்தும் பிடியும் அவர்கள் கையில் இல்லை.

அப்படியானால் அவர்கள் இலக்குக் குழு இல்லையா என்றால், இலக்குக் குழுதான், ஆனால் வேறு ஒன்றுக்கு. திபிலிசி வகுத்த ஐந்தில் அவர்களுக்கு விழிப்பும் அறிவும் நம்மைவிட மிகுதி. திறனிலும் பங்கேற்பிலும் துணை தேவைப்படலாம். நீர் மாதிரியை எப்படி எடுத்து, எத்தனை மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பது, ஆய்வக முடிவுத் தாளில் "கரைந்த திடப்பொருள் 500" (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) என்பது குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு, 2,000 என்பது வேறு வழியே இல்லாதபோது அனுமதிக்கும் எல்லை என்று படித்துப் புரிந்துகொள்வது எப்படி, தேதியோடும் இடத்தோடும் ஒளிப்படம் எடுத்து வைப்பது எப்படி என்பவற்றை அவர்கள் கேட்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, ஒரு புதிய திட்டம் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும், திட்டச் சுருக்கம் வட்டார மொழியில் கிடைக்க வேண்டும். அந்தச் சுருக்கத்தைக் குப்பத்து இளைஞர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பதுதான் அங்கே நான் அறிந்த மிகப் பயனுள்ள சூழல் வகுப்பு. அந்த வகுப்பில் யார் ஆசிரியர் என்பது அவ்வப்போது மாறிவிடும். ஆறு எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடும் என்ற பத்தி வரும்போது, அறிக்கையைவிட அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

யார் சொன்னால், எப்போது சொன்னால்

ஒரே செய்தியை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் எடை மாறுகிறது. மீனவக் குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் நேராகக் கூட்டம் போட்டால், வந்து உட்கார்வார்கள், ஆனால் எதையும் முடிவு செய்யமாட்டார்கள். வாரியக் குடியிருப்பில் மகளிர் சுய உதவிக் குழுவின் தலைவி, அங்கன்வாடிப் பணியாளர், தெருவில் வால்வைத் திறந்துவிடும் ஊழியர் ஆகிய மூவரும் சேர்ந்தால் எந்தச் செய்தியும் ஒரே நாளில் பரவிவிடும். குப்பையைப் பிரித்துத் தரும் விஷயத்தில், நாங்கள் பத்து முறை சொன்னதைவிட, அந்தத் தெருவுக்கு நாள்தோறும் வரும் தூய்மைப் பணியாளர், கலந்த குப்பைக்குள் கண்ணாடித் துண்டு கிழித்த தம் கையைக் காட்டியபோது வீடுகள் பிரிக்கத் தொடங்கின. குப்பையெல்லாம் கடைசியில் கொடுங்கையூர்க் கிடங்கில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு உண்மையான விடையோடு போகாவிட்டால் மறுமுறை கதவு திறக்காது.

நேரமும் அப்படித்தான். காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளர்களிடம் கடலில் வலைகளை வெட்டிவிடுவதைப் பற்றியும் பிளாஸ்டிக் பற்றியும் பேச வேண்டுமானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்கள் கரையில் படகைப் பழுதுபார்த்துக்கொண்டும் வலையைச் சீர்செய்துகொண்டும் இருப்பார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் மனம் கனத்திருக்கும் காலமும் அதுவே. அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே போய் அமர்ந்து, அவர்கள் கவலையையும் கேட்டுக்கொண்டு பேச வேண்டும். தொழிலாளர் விடுதிகளில் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் இரவு எட்டு மணிக்கு மேல் பேச ஆள் வேண்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் பல. தமிழ் தெரிந்தவர்கள்தான் என்றாலும், வீட்டில் பேசும் மொழியில் ஒரு தாளைக் கொடுத்தால் முதியவர்களும் வாங்கிப் படிக்கிறார்கள்.

பள்ளிக் குழந்தைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளில் தேசியப் பசுமைப் படை என்ற மாணவர் சூழல் அமைப்பு இருக்கிறது, கூட்டம் சேர்க்க அலைய வேண்டியதில்லை என்பதால் நாம் முதலில் அங்கேதான் போகிறோம். குழந்தைகளுக்குக் கற்பிப்பது தேவை. ஆனால் பெரியவர்களிடம் நேராகப் பேசத் தயங்கி, அந்தச் சுமையைக் குழந்தையின் தலையில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புவது சரியன்று. அவர்கள் கையில் இருப்பதை, பள்ளித் தொட்டியைக் கவனிப்பது, தெருக் கிணறுகளையும் பம்புகளையும் வரைபடத்தில் குறிப்பது போன்றவற்றை அவர்களுக்குக் கொடுக்கலாம்.

அறிந்துகொள்ளும் வழி

இவற்றையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது என்றால், நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தோடு போகாமல் இருப்பதே முதற்படி. தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் அடிபம்பின் பக்கத்தில் இரண்டு நாள் நின்றாலே பாதி தெரிந்துவிடும். முதல் சில குடங்களை யார் எதற்கு எடுக்கிறார்கள், வயதானவருக்கு யார் அடித்துக் கொடுக்கிறார்கள், சண்டை வந்தால் யார் சொல்லுக்கு அடங்குகிறார்கள் என்பவை எந்தப் படிவத்திலும் வராத செய்திகள். கேள்வி கேட்கும்போது "தண்ணீரைச் சேமிக்கிறீர்களா?" என்று கேட்டால், வந்தவரின் மனம் நோகாதபடி "ஆமாம்" என்பார்கள். "கடைசியாக எப்போது தண்ணீர் வந்தது? அன்று எத்தனை குடம் பிடித்தீர்கள்? இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது?" என்று நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். எழுதிய துண்டறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன், அந்தக் குழுவைச் சேர்ந்த மூன்று பேரை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறார்களோ அந்தச் சொல்லை மாற்ற வேண்டும்.

பிறகு, பயன் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு நமக்கு நிதி தந்தவர்களுக்கு உதவலாம், தெருவுக்கு உதவாது. வியாசர்பாடிச் சந்தில் நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு எளியது. வீட்டுக்காரரின் அனுமதியோடு ட்ரம்மின் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, புழு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்தோம். துண்டறிக்கை கொடுப்பதற்கு முன் ஒரு முறை, ஆறு வாரம் கழித்து ஒரு முறை. குறைந்திருந்தது. குறையாத வீடுகளில் போய்க் கேட்டபோது, அங்கே ட்ரம்முக்குப் பதிலாகச் சுவரோடு பதித்த சிமெண்டுத் தொட்டிகள் இருந்தன, கையை உள்ளே விட்டுத் தேய்க்க எட்டவில்லை. அவர்களுக்கு நீளப் பிடி வைத்த பிரஷ் தேவைப்பட்டது. நாங்கள் ஒரே குழு என்று நினைத்திருந்தவர்கள் உண்மையில் இரண்டு குழுக்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சந்தில் சில வீடுகளுக்கு இப்போது குழாய் இணைப்பு வந்திருக்கிறது. ட்ரம் இருந்த இடத்தில் தரைக்குக் கீழே சம்ப் கட்டியிருக்கிறார்கள். அதன் மூடியைத் திறப்பதும் ஆள் வைத்துக் கழுவுவதும் வீட்டு உரிமையாளர்களின் பொறுப்பாகிவிட்டன; அவர்களில் சிலர் அந்தத் தெருவிலேயே இல்லை, மாதவரத்தில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வாடகை வாங்க வருகிறார்கள். முந்தைய துண்டறிக்கையை அங்கே மறுபடி கொடுப்பதில் பயனில்லை. அவர்கள் வாடகை வாங்க எந்தத் தேதியில் வருகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.